கணிப்பொறியில் தனியறைகள்



சேரன்மகாதேவிக்கு அருகில், கன்னடியன் கால்வாய்க் கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றிலே இளைஞர்கள் சிலர் கூடி ஒரு படிப்பகம் நடத்தி வருகிறார்கள். செய்தித்தாள்கள், நாலு அலமாரி புத்தகங்கள், மூன்று கணிப்பொறிகள். இவைதாம் அதன் சொத்து. மூன்றிலே இரண்டு, தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு விலையில்லாமல் வழங்கிய மடிக்கணினிகள். அவற்றைப் பெற்ற மாணவர்கள் படித்து முடித்து, வேலைக்குப் போய், புதியன வாங்கிக்கொண்டு, பழையவற்றைப் படிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் அன்பளிப்பு. வயதான இயந்திரங்களுக்கு ஏற்றது என்று கருதி மூன்றிலும் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினார்கள். நானும் அவ்வப்போது போய்ச் சிறு உதவி செய்வதுண்டு.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பெண்ணொருத்தி அங்கே வந்தாள். கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்று மாலை 5 மணியோடு தவணை முடிகிறது. விண்ணப்பத்தோடு புகைப்படம் ஏற்றவேண்டும். அந்தப் படம் 50 கிலோபைட்டுக்கு மேல் போகக்கூடாது. இந்த நிபந்தனையை அறியாத பெற்றோர் இன்று தமிழ்நாட்டில் இல்லை. புகைப்படக் கடைக்காரர் படத்தைப் பென் டிரைவிலே போட்டுக் கொடுத்திருந்தார். அதைச் சுருக்க வேண்டியதுதான் பாக்கி. கணிப்பொறியிலே படம் திருத்தும் நிரல் இருந்தது. பெண்ணும் பென் டிரைவைச் செருகினாள். கோப்புகளைக் காட்டும் சாளரத்திலே படம் நன்றாகத் தெரிந்தது. ஆனால் திருத்தும் நிரலுக்குள் சென்று அதே படத்தைத் திறக்க முயன்றால், அனுமதி இல்லை என்று விடை வந்தது.

"அண்ணாச்சி, போட்டோ பென் டிரைவ்லதான் இருக்கு, ஆனா இது தெறக்க மாட்டேங்கு" என்றாள்.

பென் டிரைவிலிருந்து படத்தைக் கணிப்பொறிக்குள் நகல் எடுத்துத் திறந்தோம். திறந்தது. சுருக்கினோம், சேமித்தோம். சேமித்த படத்தைக் காணோம்! ஆவணங்கள் என்ற உறையிலே இல்லை. படங்கள் என்ற உறையிலும் இல்லை. கால் மணி நேரம் தேடிய பிறகு, அந்த நிரலின் பெயரால் அமைந்த ஓர் உறைக்குள், அதற்குள்ளும் வெறும் எண்ணையே பெயராகக் கொண்ட மற்றோர் உறைக்குள், அது பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதற்குள் பெண் பொறுமை இழந்துவிட்டாள். பேருந்து ஏறிச் சேரன்மகாதேவிக்குப் போய், கடையொன்றிலே காசு கொடுத்து விண்ணப்பத்தை முடித்தாள். தவணைக்குள் முடித்துவிட்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டு நிம்மதி அடைந்தேன்.

அந்த நிரலிலே பிழை ஒன்றும் இல்லை; வகுத்த விதிப்படியேதான் நடந்துகொண்டது. அந்த விதியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

லினக்ஸ் உலகில் மென்பொருள் வந்து சேரும் பழைய முறை ஒன்று உண்டு. டெபியன், உபுண்டு, நம் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் என்று பல வழங்கல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வழங்கலுக்கும் ஒரு களஞ்சியம். அதைப் பேணுகிறவர்கள் ஆயிரக்கணக்கான நிரல்களை ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி கட்டிவைக்கிறார்கள். பல நிரல்களுக்குப் பொதுவாகத் தேவைப்படும் பகுதிகளைக் கணிப்பொறிக்காரர்கள் நூலகங்கள் என்பார்கள். நம் படிப்பகத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். படம் காட்டுவதற்கு ஒரு நூலகம், எழுத்துருவை வரைவதற்கு ஒன்று, மறையீட்டுக்கு ஒன்று. இயந்திரத்திலே ஒவ்வொன்றுக்கும் ஒரே படிதான் இருக்கும். எல்லா நிரல்களும் அதையே பகிர்ந்துகொள்ளும்.

நம் பொருநைச் சமவெளியில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிகிறது, கால்வாயிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். ஒரே தண்ணீரைத்தான் ஊரெல்லாம் காருக்கும் பிசானத்துக்கும் பகிர்ந்துகொள்கிறது. மதகு பழுதாயிற்று என்றால் அந்த ஒரு மதகைச் செப்பனிட்டால் போதும். அதன் கீழுள்ள வயல் அத்தனைக்கும் நீர் பாயும். பழைய களஞ்சிய முறையும் இப்படிப்பட்டதே.

இதிலே தொல்லை இல்லை என்று சொல்லவில்லை. கால்வாய்ப் பாசனத்திலே முறைத் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டும். மென்பொருளை ஆக்குகிறவன் புதிய பதிப்பை வெளியிட்டாலும், களஞ்சியக்காரர் அதை எடுத்துக் கட்டித் தரும்வரை பயனாளி காத்திருக்க வேண்டும். சில வழங்கல்களில் இரண்டாண்டும் ஆகும். ஆக்குகிறவனுக்கோ வேறு தலைவலி: டெபியனுக்கு ஒருவிதம், பெடோராவுக்கு ஒருவிதம், சூசேக்கு ஒருவிதம் என்று ஒரே பண்டத்தைப் பலவிதமாகப் பொதி கட்டவேண்டும். மேலும், பழைய முறையில் நிறுவிய நிரல் எதுவும் உங்கள் வீட்டு உறைகள் முழுவதையும் பார்க்கலாம். தாயக்கட்டம் ஆடுவதற்கென்று நிறுவிய ஒரு விளையாட்டு, உங்கள் வங்கிக் கணக்குக் குறிப்பைப் படிக்க நினைத்தால் தடுப்பார் இல்லை.

இவற்றுக்கெல்லாம் மாற்றாகத்தான் தனியறைப் பொதிகள் தோன்றின. உபுண்டுவை உருவாக்கும் கனானிகல் நிறுவனம் ஸ்னாப் என்னும் முறையை 2016-ஆம் ஆண்டு வெளிவந்த உபுண்டு 16.04-இல் மேசைக் கணிப்பொறிகளுக்குக் கொண்டுவந்தது. அலெக்சாண்டர் லார்சன் என்பவர் தொடங்கிய மற்றொரு முறை அதே 2016-இல் பிளாட்பாக் என்ற பெயரைப் பெற்றது. இரண்டின் உள்ளமைப்பு வேறு, கருத்து ஒன்றே. நிரல் தனக்கு வேண்டிய நூலகங்களைத் தன்னோடு கட்டிக்கொண்டு வருகிறது, அல்லது தனக்கென்று குறித்த ஓர் அடித்தளப் பொதியைக் கேட்டுப் பெறுகிறது. வந்தபின் ஓர் அடைத்த அறைக்குள் இருந்து வேலை செய்கிறது. அறையின் சன்னல் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதை அனுமதிகள் தீர்மானிக்கின்றன. ஒருமுறை கட்டினால் எந்த வழங்கலிலும் ஓடும். கருத்து நல்ல கருத்து. அதை ஆக்கியவர்கள் திறமைசாலிகள். ஐயமில்லை.

ஆனால் வயலுக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு தோண்டினால் என்ன ஆகும்? செலவைப் பாருங்கள் முதலில். பிளாட்பாக் முறையில் ஒரு சிறிய நிரலை நிறுவினாலும், அதன் அடித்தளப் பொதி கூடவே வரும். அது பல நூறு மெகாபைட் இருக்கும். அடித்தளத்தைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளலாமே என்பீர்கள். பகிர்ந்துகொள்ளும், ஒரே பதிப்பைக் கேட்டால். ஒன்று சென்ற ஆண்டின் அடித்தளத்தைக் கேட்கிறது. மற்றொன்று இவ்வாண்டினதைக் கேட்கிறது. மூன்றாவது வேறொரு குடும்பத்தின் அடித்தளத்தைக் கேட்கிறது. மூன்று நிரலுக்கு மூன்று அடித்தளம் ஆயிற்று. ஸ்னாப் முறையிலோ, புதுப்பித்த பிறகும் முந்தைய பதிப்பு ஒன்று காப்பாக வட்டிலே தங்கியிருக்கும். தவறு நேர்ந்தால் திரும்பிப் போக அது உதவும் என்பது உண்மை. ஆயினும் இடம் இடம்தானே?

நினைவகமும் அப்படியே. ஒரே நூலகத்தைப் பத்து நிரல்கள் பகிரும்போது நினைவகத்தில் ஒரு படி போதும். ஆளுக்கொரு படி கொண்டுவந்தால் ஆளுக்கொரு இடம் வேண்டும். 16 ஜி.பி. நினைவகம் உள்ள இயந்திரத்திலே இதை யாரும் உணரமாட்டார்கள். விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதற்கட்ட இயந்திரங்களில் இருந்தது 2 ஜி.பி. அங்கே உலாவியைத் திறந்துவிட்டுப் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம்.

இது என் கற்பனை அன்று. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 22.04, பயர்பாக்ஸ் உலாவியை ஸ்னாப் பொதியாகவே கொடுத்தது. முதல்முறை திறக்க நேரம் பிடிக்கிறது என்று உலகெங்கும் முறையீடு எழுந்தது. நிறுவனத்தார் அதை மறுக்கவில்லை. ஆராய்ந்து காரணங்களை வெளியிட்டார்கள். அவற்றுள் ஒன்று நமக்குச் சுவையானது. உலாவி தன்னிடமிருந்த மொழிப் பொதிகள் அத்தனையையும் முதல் தடவை திறக்கும்போது நகல் எடுத்துக்கொண்டிருந்ததாம். தமிழ் அறிந்தவன் ஒருவன் திறந்தாலும், அவன் கேள்வியே படாத மொழிகளெல்லாம் வரிசையாக வந்து இறங்கின! பின்னர் வேண்டிய மொழியை மட்டும் எடுக்கும்படி திருத்தினார்கள். வேகம் கூடியது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

இணையச் செலவு என்று ஒன்று இருக்கிறது. ஸ்னாப் பொதிகள் நாளொன்றுக்கு நான்கு முறை புதுப்பிப்பு உண்டா என்று பார்த்துத் தாமாகவே இறக்கிக்கொள்ளும். கம்பிவழி இணையம் உள்ள நகரவாசிக்கு இது வசதி. கைப்பேசியின் இணையத்தைக் கணிப்பொறிக்குக் கடன் கொடுத்து வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ஜி.பி., ஒன்றரை ஜி.பி. என்று அளவு உண்டு. பாடக் காணொளி பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், அளவு ஏற்கெனவே கரைந்திருக்கும். யார் குடித்தார் என்று தெரியாது. காலவரையின்றிப் புதுப்பிப்பை நிறுத்திவைக்கும் கட்டளை 2022 இறுதியில் வந்தது. ஆனால் அது கட்டளை. தட்டச்சு செய்து இடவேண்டியது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவருக்கு அதனால் பயன் என்ன?

இனி, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிற ஒன்று: தமிழ் எழுதுவது. லினக்ஸிலே தமிழ் தட்டச்சு செய்ய ஐபஸ், எப்சிடெக்ஸ் போன்ற உள்ளீட்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் அவற்றிலே கிடைக்கிறது. நீங்கள் விசையை அழுத்தும்போது, நிரலுக்கும் இந்த ஏற்பாட்டுக்கும் இடையே ஓர் உரையாடல் நடக்கிறது. அதற்கு நிரலின் பக்கத்திலே ஒரு சிறு துணைக் கருவி வேண்டும். பழைய முறையில் அது எல்லா நிரல்களுக்கும் பொதுவாக இருந்தது. ஒருமுறை அமைத்தால் எங்கும் தமிழ் வந்தது. தனியறை முறையில் துணைக் கருவி அறைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். பொதி கட்டியவர் ஆங்கிலம் மட்டும் தட்டச்சு செய்கிறவராக இருந்து, அதைச் சேர்க்க மறந்தால், அல்லது அவர் சேர்த்த பதிப்பு வெளியே உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால், அந்த நிரலில் மட்டும் தமிழ் நுழையாது.

படிப்பகத்துக்கு வரும் பெரியவர் ஒருவர் தம் ஊர்க் கோயிலைப் பற்றிக் குறிப்புகள் எழுதி வைக்கிறார். எழுபது வயதுக்கு மேல் தமிழ்99 பழகியவர். சொற்செயலியில் அழகாகத் தட்டச்சு செய்வார். ஒருநாள் குறிப்பெழுதும் புதிய நிரல் ஒன்றை அவருக்காக நிறுவித் தந்தார்கள். அவர் எவ்வளவு தட்டியும் ஆங்கில எழுத்தே விழுந்தது. என்னைப் பார்த்து, "என்ன வே, இந்தப் பெட்டிக்கு மட்டும் தமிழ் வராதோ?" என்று கேட்டார். கேள்வி கேலியாக வந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. உலகத்திலே ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்தக் குறை ஒருநாளும் கண்ணில் படாது. தமிழனுக்கும், சீனனுக்கும், ஜப்பானியனுக்கும்தான் படும். குறையை முறையிட்டுத் திருத்தம் வாங்குவதற்கு ஆங்கிலத்திலேயே எழுதவேண்டும் என்பது இன்னொரு வேடிக்கை.

பாதுகாப்புக்காகத்தானே இந்தத் தொல்லையைச் சகிக்கிறோம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அறை உண்மையாகவே அடைத்திருந்தால் பாதுகாப்பு உண்டு. ஆனால் பிளாட்பாக் நிரல்கள் பலவும் பயனாளியின் வீட்டு உறை முழுவதையும் பார்க்கும் அனுமதியைக் கேட்டுக்கொண்டே வருகின்றன. ஏன்? இல்லாவிட்டால் நம் பெண்ணுக்கு நேர்ந்ததுபோல் கோப்பு திறக்காது, பயனாளி கோபித்துக்கொள்வான். ஆகவே கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் பூட்டை மட்டும் அழகாகத் தொங்கவிடுகிறார்கள். பூட்டைக் கண்ட பயனாளி அயர்ந்து தூங்குகிறான்.

பொருளைக் கடையில் வைக்கிறவர் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. பழைய களஞ்சியத்தில் ஆக்கியவருக்கும் பயனாளிக்கும் இடையே பொதி கட்டுகிற மூன்றாமவர் ஒருவர் இருந்தார். அவர் கண்ணில் ஒருமுறை பட்டுத்தான் எதுவும் வரும். தனியறைப் பொதிகளை ஆக்கியவரே நேராகக் கடையில் வைக்கலாம். 2018 மே மாதத்தில் ஸ்னாப் கடையிலிருந்த ஒரு விளையாட்டு, பயனாளியின் கணிப்பொறியைக் கொண்டு மறைவாக நாணயக் கணக்குப் போட்டுச் சம்பாதித்துக்கொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. 2024 தொடக்கத்தில், புகழ்பெற்ற பணப்பை நிரல் ஒன்றின் பெயரைச் சூடிக்கொண்டு வந்த போலியை நம்பி ஒருவர் 9 பிட்காயின்களை இழந்தார். அடைத்த அறை அவரைக் காக்கவில்லை; ஏனெனில் திருடனுக்குச் சாவியை அவரே தம் கையால் தட்டச்சு செய்து கொடுத்தார். அதன் பிறகு கனானிகல் புதிய பெயர்களை ஆள்கொண்டு பரிசோதிக்கத் தொடங்கியது.

மதகுக் கதைக்குத் திரும்புகிறேன். 2023 செப்டம்பரில், வெப்-பி என்னும் பட வகையைக் காட்டுகிற பொது நூலகத்திலே கடுமையான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. நச்சுப்படம் ஒன்றைக் காட்டினாலே கணிப்பொறியைக் கைப்பற்றலாம் என்ற நிலை. பழைய முறை வழங்கல்கள் அந்த ஒரு நூலகத்தைத் திருத்தி அனுப்பின. அதைப் பகிர்ந்துகொண்ட நிரல் அனைத்தும் அக்கணமே பிழைத்தன. தனியறைப் பொதிகளில், நூலகம் அடித்தளத்தில் இருந்தால் அடித்தளத்தைத் திருத்தினால் போதும். நிரலோடு சேர்த்துக் கட்டியிருந்தால், கட்டியவர் ஒவ்வொருவரும் மறுபடி கட்டி அனுப்பியாக வேண்டும். சிலர் மறுநாளே அனுப்பினார்கள். சிலர் அந்த நிரலைக் கைவிட்டு எத்தனையோ நாள் ஆயிருக்கும். கிணற்றுக்காரர் ஊரை விட்டுப் போய்விட்டால் அந்தக் கிணற்றுத் தண்ணீரை யார் சோதிப்பது?

என் மனக்குறை இவை அனைத்தையும்விட எளியது. தனியறை வேண்டும் என்கிறவர் வைத்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்கிறவருக்குச் சொல்லாமல் கொடுக்கலாகாது. உபுண்டுவிலே பயர்பாக்ஸ், குரோமியம் ஆகியவற்றைப் பழைய கட்டளையிட்டுக் கேட்டாலும் வந்து சேர்வது ஸ்னாப் பொதிதான். கடையிலே பொன்னி அரிசி கேட்டவனுக்கு, பையைக் கட்டிய பிறகு வேறு அரிசி இருப்பது தெரிந்தால் எப்படியிருக்கும்? அரிசி நல்ல அரிசியாகவே இருக்கட்டும். லினக்ஸ் மின்ட் என்னும் வழங்கலார் 2020-இல் இக்காரணத்தைச் சொல்லியே ஸ்னாப்பைத் தங்கள் 20-ஆம் பதிப்பில் இயல்பாக நுழையாதபடி தடுத்தார்கள். அவர்கள் பிளாட்பாக்கை ஏற்கிறார்கள். ஆனால் 2024-இல் வந்த 22-ஆம் பதிப்பிலே, ஆக்கியவர் இன்னார் என்று சரிபார்க்கப்படாத பொதிகளைக் கடையில் மறைத்தே வைத்தார்கள். பயர்பாக்ஸை ஆக்கும் மொசில்லா நிறுவனமும் 2024 ஜனவரி முதல், டெபியன், உபுண்டு பயனாளிகளுக்குப் பழைய முறைப் பொதியைத் தன் களஞ்சியத்திலிருந்தே தருகிறது. ஆக, விரும்புகிறவருக்கு வழி இருக்கிறது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த இலவச ஆதரவு பொதுவில் முடிந்தது. அதன் அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய இயந்திரங்கள் நம் மாவட்டத்துக் கடைகளிலும், அச்சகங்களிலும், சிறு பள்ளிகளிலும் ஏராளம். அவற்றைக் குப்பையில் போடாமல் லினக்ஸுக்கு மாற்றலாமா என்று என்னைக் கேட்கிறவர்கள் கூடி வருகிறார்கள். மாற்றலாம் என்றே சொல்கிறேன். கூடவே சில கேள்விகளையும் கேட்கச் சொல்கிறேன். உலாவியும் சொற்செயலியும் பழைய முறைப் பொதியாக வருகின்றனவா? பென் டிரைவைச் செருகி, அதிலுள்ள கோப்பை ஒவ்வொரு நிரலிலும் திறந்து பார்த்தீர்களா? ஒவ்வொன்றிலும் "அம்மா" என்று தமிழில் தட்டிப் பார்த்தீர்களா? அச்சுப்பொறியிலே ஒரு தாள் எடுத்தீர்களா? இத்தனையும் அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது இயந்திரங்களை மாற்றிவிட்டு, ஆசிரியைகள் வந்து முறையிடும்போது, 'லினக்ஸ் என்றால் அப்படித்தான்' என்று கைவிரிப்பவர்களை எனக்குத் தெரியும். லினக்ஸ் அப்படி அன்று.

பெட்டிப் பொதியையே தேர்ந்தெடுக்க வேண்டிய இடமும் உண்டு. பழைய வழங்கலிலே புத்தம் புதிய பதிப்பு ஒன்று கட்டாயம் தேவைப்பட்டாலோ, முழுதும் நம்ப முடியாத நிரல் ஒன்றை ஓட்டியே தீரவேண்டியிருந்தாலோ, அதுவே நல்ல வழி. பிளாட்பாக் அனுமதிகளைக் கண்ணால் பார்த்துத் திறக்கவும் அடைக்கவும் பிளாட்சீல் என்றொரு கருவி கிடைக்கிறது. கட்டளை தட்டத் தேவையில்லை.

படிப்பகத்தார் பிறகு மூன்று கணிப்பொறிகளையும் டெபியனுக்கு மாற்றினார்கள். உலாவி, சொற்செயலி, படம் திருத்தி எல்லாம் களஞ்சியத்திலிருந்து வந்தவை. பென் டிரைவ் திறக்கிறது. பெரியவர் கோயில் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கிறார். தலவரலாறு முடிந்து, கல்வெட்டுப் பகுதிக்கு வந்திருக்கிறார். ஒரே ஒரு நிரலை மட்டும் பிளாட்பாக்காக வைத்திருக்கிறார்கள். அந்தக் கணிப்பொறியின் மேல், 'கோப்பை முதலில் ஆவணங்கள் உறையில் நகல் எடுத்த பின் திறக்கவும்' என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறது. விண்ணப்பம் போட வந்த அந்தப் பெண்ணுக்குப் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றிலே இடம் கிடைத்தது. விடுமுறைக்கு ஊர் வரும்போது படிப்பகத்துக்கும் வருகிறாள். வார இதழ்களைப் புரட்டுகிறாள். புத்தகம் எடுத்துப் போகிறாள். கணிப்பொறிகள் சரியாகிவிட்டன என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல அண்ணாச்சி, போன்லயே பாத்துக்கிடுதேன்" என்கிறாள்.